கூட்டாமல் குறைக்காமல் சொன்னவள்

பெரியவர்களோடு பேச வரும்போது அவள் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். தலையைச் சற்றுச் சரித்து, எதிரில் இருப்பவரின் வாயையே பார்ப்பாள். அவர் சொல்லி முடித்ததும் ஒரு மூச்சு இழுப்பாள். பிறகுதான் பேசுவாள். பதினைந்து வயதுப் பிள்ளை அப்படி நின்று பேசுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. முதலில் எனக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. பழகப் பழக, அவள் மூச்சை இழுக்கும் அந்தக் கணத்தில் நான் கையில் இருந்த வேலையை நிறுத்தத் தொடங்கினேன்.

அவளுடைய பெயரை எழுத வேண்டாம் என்று என் மகள் சொல்லிவிட்டாள். "அவளைப் பற்றி எழுதுறதெண்டால் எழுதுங்கோ அம்மா. பேர் அவளின்ர. அதை விடுங்கோ." மகளுக்கு இன்று முப்பது வயது தாண்டிவிட்டது. வேறு ஊரில் இருக்கிறாள், வேலை செய்கிறாள், ஞாயிறுகளில் தொலைபேசியில் பேசுகிறாள். ஒரு ஞாயிறு அவள் எடுக்கப் பிந்தினால் நான் இன்றைக்கும் தொலைபேசிக்குப் பக்கத்தைவிட்டு எழும்புவதில்லை. நான் இதை எழுதுவதும் அங்கே இருந்துகொண்டுதான்.

நான் சொல்லும் அந்தச் சிநேகிதி எக்குவடோர் நாட்டுப் பிள்ளை. தாயும் அவளும் மட்டும். ஸ்பெயினில் சில வருடங்கள் இருந்து, அங்கே தாய்க்கு வேலை சரிவராமல் போக, லண்டனுக்கு வந்தவர்கள். நாங்கள் ஜேர்மனியில் இருந்துவிட்டு வந்தவர்கள். எட்டு வயதில், லூயிஷாமில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஆங்கிலம் சரியாக வராத பிள்ளைகளை இருத்தும் மேசையில், இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார்கள். என் மகளுக்குத் தெரிந்தது ஜேர்மனும் தமிழும். அவளுக்குத் தெரிந்தது ஸ்பானிய மொழி. ஒருவருக்கொருவர் விளங்காத மொழிகளில் பேசிச் சிரித்தே சிநேகிதமானார்கள் என்று ரீச்சர் என்னிடம் சொன்னார்.

தாய் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவாக்கும் வேலை செய்தாள். விடிய முன் போனால் வெளிச்சம் ஏறித்தான் வருவாள். ஆங்கிலம் அவளுக்கு வரவேயில்லை. ஆகவே டொக்டர், வீட்டுக்காரன், வங்கி, நகரசபைக் கவுன்சில் என்று எல்லா இடத்திலும் மகள்தான் அவளுடைய வாய். கைகளைப் பின்னால் கட்டும் பழக்கம் அங்கே வந்ததுதான். பெரியவர்கள் இரண்டு பேருக்கு நடுவில் நிற்கும் சின்னப் பிள்ளை தன் கைகளை வேறெங்கே வைப்பது?

ஒரு நாள் என் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது அவளே சொன்னாள். அவளோடு நான் பேசியது ஆங்கிலத்தில். எனக்கு ஞாபகத்தில் இருப்பது எங்கள் தமிழில்.

"எனக்குப் பத்து வயசு அன்ரி. அம்மாவுக்கு ஒப்பரேசன். டொக்டர் சொன்னதில ஒரு பகுதி எனக்குப் பயமா இருந்தது. அம்மா அழுவா எண்டு அதை விட்டுட்டன். இந்த மருந்தோட அந்த மருந்தைப் போடக்கூடாது எண்டது அதுக்குள்ளதான் இருந்தது."

"பிறகு?"

"அம்மா குளியலறையில விழுந்து கிடந்தா. நான் அம்புலன்சுக்கு அடிச்சனான். அதுக்குப் பிறகு நான் ஒண்டும் விடுறேல்லை. கூட்டுறதும் இல்லை, குறைக்கிறதும் இல்லை."

வெங்காயத்தில் அழுகிற சாட்டில் நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் அழவில்லை. உரித்த வெங்காயங்களைத் தண்ணீரில் போட்டாள்.

இது வெறும் பேச்சல்ல என்பதைப் பெற்றோர் ஆசிரியர்களைச் சந்திக்கும் மாலையில் பார்த்தேன். பள்ளி மண்டபத்தில் சின்னச் சின்ன மேசைகள். கணித ஆசிரியைக்கு முன்னால் தாயும் மகளும். எங்கள் முறைக்காக அவர்களுக்குப் பின்னால் நாங்கள். ஆசிரியை சொன்னது எங்களுக்குக் கேட்டது: கெட்டிக்காரி, ஆனால் வகுப்பில் வாய் ஓயாது, இரண்டு முறை வீட்டுவேலை கொடுக்கவில்லை, பலகையில் ஆசிரியை விட்ட பிழையை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக் காட்டினாள், அது மரியாதை இல்லை.

அவள் மூச்சை இழுத்தாள். தன்னைப் பற்றிய அத்தனை முறைப்பாட்டையும் தன் வாயாலேயே தாய்க்குச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் தாயின் முகம் மாறியது. கடைசியில் தாய் மேசைக்குக் கீழால் அவளுடைய தொடையைக் கிள்ளியதை நான் கண்டேன். அவள் நெளிந்தபடியே மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.

என் மகள் என் காதுக்குள் சொன்னாள்: "நான் எண்டால் ரீச்சர் என்னைப் புகழுறா எண்டு சொல்லியிருப்பன். லூசு இவள்."

எங்கள் வீட்டுக்கு அவள் வருவதில் என் கணவருக்கு நல்ல சந்தோசம். இடியப்பத்தை விரும்பிச் சாப்பிடுவாள், 'ஓம்' சொல்லப் பழகியிருந்தாள். ஆனால் அவரும் ஒரு நாள் மாட்டிக்கொண்டார். சாப்பாட்டு மேசையில், கைகளைப் பின்னால் கட்ட இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு, அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அன்ரி, அங்கிள் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில நிண்டு சிகரெட் குடிக்கிறார்."

அவருக்குப் புரைக்கேறிவிட்டது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எடி பிள்ளை, உனக்கு நான் என்ன செய்தனான்?"

"நீங்கள் போன கிழமை நெஞ்சு நோகுது எண்டு சொன்னீங்கள். அன்ரிக்குத் தெரிஞ்சால்தான் அன்ரி உங்களை டொக்டரிட்டக் கொண்டுபோவா. எனக்குக் கார் ஓட ஏலாதே."

அன்றிலிருந்து அவர் அவளை 'நியூஸ் வாசிக்கிறவ' என்றுதான் சொல்வார். "நியூஸ் வாசிக்கிறவ வந்திட்டா, எல்லாரும் வாயை மூடுங்கோ." நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்கு அவளிடம் ஒரு பயம் இருந்தது. எங்கள் ஆட்கள் மத்தியில், வீட்டுக் கதவுக்கு வெளியே ஒரு சொல் போனால் ஆற்றுக்கு அப்பால் தமிழர் கூடும் ஈஸ்ட் ஹாம் வரைக்கும் போய்விடும். இந்தப் பிள்ளை எதை எப்போது யாரிடம் சொல்லுவாள் என்று நினைப்பேன்.

பள்ளியில் அவளுக்கு அது விலையாகவே போனது. அப்போது பிள்ளைகள் எல்லோருக்கும் கணினியில் ஒரு பக்கம் இருந்தது. படம் போடுவார்கள், மனதில் வந்ததை எழுதுவார்கள், சிநேகிதப் பிள்ளைகள் கீழே பதில் எழுதுவார்கள். வகுப்பில் ஒரு பெண்பிள்ளைக்கு அதன் வழியாக ஒரு பெடியன் பழக்கமானான். அவன் பெடியன் இல்லை, வயது வந்த ஆள் என்பது அவன் எழுதிய விதத்திலேயே தெரிந்ததாம். சந்திக்க வரச் சொல்லியிருந்தான். வகுப்பில் பாதிப் பேருக்கு விசயம் தெரியும். இவள்தான் போய் ரீச்சரிடம் சொன்னாள். அந்தப் பிள்ளையின் கணினியைத் தாய்தகப்பன் பறித்துவிட்டார்கள். வகுப்பு முழுக்க இவளோடு பேச்சை நிறுத்தியது. இவளுடைய கணினிப் பக்கத்தில் 'பொலிஸ்காரி' என்று எழுதினார்கள், இன்னும் மோசமாகவும் எழுதினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு இவளுக்குப் பக்கத்தில் இருப்பதற்கு மிஞ்சியது என் மகள் ஒருத்திதான்.

"ஏன் பிள்ளை உனக்கு உந்த வேலை?" என்று கேட்டேன்.

அவள் யோசித்துச் சொன்னாள். "அன்ரி, பிள்ளையள் எல்லாத்தையும் பிள்ளையளுக்குத்தான் எழுதுதுகள். பிள்ளையளால என்ன செய்ய ஏலும்? பாவம் எண்டு எழுதலாம். ஒரு இருதயம் கீறலாம். அதோட சரி. அம்புலன்ஸைக் கூப்பிடப் பெரியாக்கள் வேணும்."

"பெரியாக்கள் ஏசுவினமே."

"ஏசட்டும். ஏசிப்போட்டுச் செய்வினம்தானே."

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் அந்த வசந்த காலத்தை எங்கள் ஆட்கள் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஊரில் கடைசிச் சண்டை. எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணைவதில்லை. கணவர் வேலை முடிந்து நேரே பாராளுமன்றச் சதுக்கத்து ஆர்ப்பாட்டத்துக்குப் போய் நிற்பார், குரல் அடைத்துப்போய் வருவார். வன்னியில் என் சித்தி குடும்பத்தின் தொடர்பு அறுந்திருந்தது. நான் வேலைக்குப் போய் வந்து, சமைத்து, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நாட்களில்தான் மகள் சாப்பாட்டைத் தள்ளத் தொடங்கினாள். கேட்டதற்கு, "அங்க சனம் பட்டினி கிடக்குது, நானும் விரதம்" என்றாள். சதுக்கத்தில் இளம் பிள்ளைகள் உண்ணாவிரதம் இருந்த காலம் அது. எந்தத் தமிழ் வீட்டில் அதற்கு மறு பேச்சுப் பேசியிருப்பார்கள்? இவர் சதுக்கத்தில் நின்ற ஆட்களிடம் எல்லாம் சொன்னார்: "என்ர பிள்ளை இஞ்ச வளர்ந்தது, அதுக்கு எவ்வளவு பற்றுப் பாருங்கோ." அவர்கள் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்க வேண்டும் என்றார்களாம். இரவில் ஒரு தேத்தண்ணீர், பகலில் ஒரு வாழைப்பழம். சட்டை தோளில் தொங்கியது. அதையும் நாங்கள் பக்தியோடு பார்த்தோம்.

ஒரு பின்னேரம் அந்தச் சிநேகிதிப் பிள்ளை வாசலில் நின்று கேட்டாள். மகள் மேலே அறையில் இருந்தாள்.

"அன்ரி, அவள் வீட்டில சாப்பிடுறாளோ? பள்ளியில கேட்டால் வீட்டில சாப்பிடுறன் எண்டு சொல்லுறாள்."

"அது விரதம், பிள்ளை. எங்கட சனத்துக்காக."

"விரதம் எண்டால் எப்ப முடியும்?"

"சண்டை முடியேக்க."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சண்டை முடியாட்டி?"

எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு என்ன விளங்கும் என்று நினைத்தேன். "நீ வீட்டை போ பிள்ளை, அம்மா பாத்துக்கொண்டிருப்பா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

நான் அப்போது ஒரு கவுன்சில் அலுவலகத்தில் வேலை. வாடகைப் பெனிபிட், அதாவது வாடகைக்கு அரசு தரும் உதவிப்பணம், சம்பந்தமாக வரும் ஆட்களுக்குக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்து பதில் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் வாசலில் இலக்கச் சீட்டு எடுத்துக்கொண்டு கதிரைகளில் காத்திருப்பார்கள். மேலே சிவப்பில் இலக்கம் மாறும்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் என் ஜன்னலுக்கு இலக்கம் மாற, பள்ளிச் சீருடையோடு அவள் எழும்பி வந்தாள். எவ்வளவு நேரம் காத்திருந்தாளோ தெரியாது. குழந்தை வண்டில்களுக்கு நடுவில் அவளை நான் கவனிக்கவில்லை. தாயின் விண்ணப்பம் ஏதோ பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். தெரிந்த ஆட்களின் அலுவலை நாங்கள் தொடக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அன்ரி, இது பெனிபிட் விசயம் இல்லை. வாசலில வைச்சுச் சொன்னால் நீங்கள் பாதியில கதவைச் சாத்துவியள். இஞ்ச நம்பர் எடுத்து வந்தால் கடைசி மட்டும் கேக்க வேணும் உங்களுக்கு."

கைகள் பின்னால் போயின.

"உங்கட மகள் நேற்றுத் தன்ர பக்கத்தில எழுதினதைச் சொல்லப்போறன். சிநேகிதப் பிள்ளையளுக்கு மட்டும் தெரியிற பக்கம். நான் கூட்டேல்லை. குறைக்கேல்லை."

மூச்சை இழுத்தாள். கண்ணாடியில் பேசுவதற்கு விட்டிருந்த துவாரங்களுக்குக் கிட்டக் குனிந்து, மனப்பாடம் ஒப்புவிப்பதுபோல் தொடங்கினாள். அவளிடம் தாள் எதுவும் இருக்கவில்லை.

"'வீட்டில எல்லாரும் செத்த ஆக்களை எண்ணிக்கொண்டிருக்கினம். உயிரோட இருக்கிற என்னை ஒருத்தரும் பாக்கேல்லை. இது விரதம் இல்லை. எனக்குச் சாப்பிடவே ஏலாமல் கிடக்கு. அது அவைக்குப் பெருமையா இருக்கு. வெள்ளிக்கிழமை அப்பா சதுக்கத்தில நிப்பார், அம்மா வேலையில நிப்பா. வெள்ளிக்குப் பிறகு நான் இருக்க மாட்டன். ஒருத்தரும் அழவேண்டாம். அழுறதுக்கு அவைக்கு வேற ஆக்கள் இருக்கினம்.'"

அவள் நிமிர்ந்தாள். "கீழ கனபேர் இருதயம் போட்டிருக்கினம். பெரியாக்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கேட்டுப் பாத்தனான்."

எனக்கு அவளுடைய வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பக்கத்து ஜன்னலில் யாரோ தன் வாடகையைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழும்பிவிட்டேன். கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அன்ரி, இன்னும் ஒண்டு. நான்தான் சொன்னனான் எண்டு அவளுக்குச் சொல்லுங்கோ. ஒளிக்க வேண்டாம். ஒளிச்சால் அவள் வேற பிள்ளையளைச் சந்தேகப்படுவாள்."

"உனக்கு அவள் ஒருத்திதானே பிள்ளை மிச்சம்."

"ஓம்" என்றாள், தமிழில்.

வீட்டுக்குப் போன அந்தப் பயணத்தை என்னால் இன்றும் ஒழுங்காகச் சொல்ல முடியாது. வீட்டுத் தொலைபேசி அடித்து அடித்து நின்றது. கணவரின் கைத்தொலைபேசியில் கோசச் சத்தம். "கேக்கேல்லையப்பா, பிறகு எடும்" என்று வைத்துவிட்டார். ரயில் ஒரு பாலத்தின் மேல் காரணமில்லாமல் நின்றது. எதிரில் இருந்த பெண் என்னைப் பார்த்து, சுகமில்லையா என்று கேட்டாள். வியாழன்தானே, இன்றைக்கு வியாழன்தானே என்று நான் அவளிடம் கேட்டேன்.

கதவைத் திறந்தபோது தொலைக்காட்சிச் சத்தம். மகள் சீருடையோடு நிலத்தில் இருந்தாள். திரையில் ஊர்.

"ஏன் வெள்ளன வந்திட்டீங்கள்?"

என்ன கேட்பது? தலையிடியோ, காய்ச்சலோ, பள்ளியில் யாரும் ஏதும் சொன்னார்களோ? இதெல்லாம் வாயில் வந்தது. நான் தொலைக்காட்சியை நிறுத்தினேன். அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அந்தப் பிள்ளை எனக்குச் சொன்னதை, முதல் வசனத்தில் இருந்து கடைசி வசனம் வரை அவளுக்கே சொன்னேன். பாதியில் "நிப்பாட்டுங்கோ அம்மா" என்றாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்க என்னால் முடியாது.

"ஆர் சொன்னது?"

சொன்னேன்.

அவள் தலையணையைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். சிநேகிதியைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், பிறகு என் மடியில் விழுந்தாள். எலும்பாக இருந்தாள். "எனக்குப் பசிக்கிறதே இல்லை அம்மா. எப்பிடிப் பசிக்கும் எண்டு மறந்து போச்சு" என்றாள்.

கணவர் வந்தார். கேட்டார். தோளில் கிடந்த கொடியைக் கூடக் கழற்றாமல் படியில் இருந்தார். "முதல்ல கோயிலுக்குக் கொண்டுபோவம்" என்றார். "டொக்டரிட்டப் போனால் பதிவில ஏறீடும். நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி எண்டு வரேக்க..."

"கலியாணத்துக்குப் பிள்ளை இருக்க வேணுமப்பா."

அவர் கொடியைக் கழற்றி மடித்து வைத்தார். அந்த வெள்ளிக்கிழமை அவர் சதுக்கத்துக்குப் போகவில்லை, நான் வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே மூன்று பேரும் டொக்டரின் அறையில் இருந்தோம். மகள் நிலத்தைப் பார்த்தாள். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் களைப்பு டொக்டர். சோதனைப் பயம். சாப்பாடும் கொஞ்சம் குறைவு." வாய் தானாகவே அப்படிச் சொன்னது. டொக்டர் கணினியில் தட்டத் தொடங்கினார். 'களைப்பு' என்ற சொல் திரையில் ஏறுவதை நான் கண்டேன். இரும்புச்சத்துக் குளிசையோடு எங்களை அனுப்பிவிடப் போகிறார் என்று தெரிந்தது. குளியலறையில் விழுந்து கிடந்த ஒரு தாய் என் கண்ணுக்கு முன்னால் வந்தாள், நான் அதுவரை பேசிப் பழகாத தாய்.

"இல்லை டொக்டர்" என்றேன். "முக்கியமானதை நான் விட்டுவிட்டேன். என் மகள் எழுதியதை அப்படியே சொல்கிறேன்."

சொன்னேன். டொக்டர் தட்டுவதை நிறுத்திவிட்டுத் தன் கதிரையை மகளின் பக்கம் திருப்பினார்.

பிறகு நடந்தவை மெதுவாக நடந்தவை. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான ஒரு மருத்துவ நிலையத்துக்குக் கிழமைக்குக் கிழமை போனோம். மே மாதத்தில் ஊரில் எல்லாம் முடிந்த செய்தி வந்தபோது நாங்கள் அந்த நிலையத்தின் காத்திருப்பு அறையில் இருந்தோம். கணவரின் தொலைபேசி அவருடைய சட்டைப் பையில் விடாமல் அதிர்ந்தது. அவர் அதை எடுக்காமல், மகள் பேசிக்கொண்டிருந்த அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் தாடைவரை வழிந்தது. எதற்கு அழுதார் என்று நான் கேட்கவில்லை.

மகள் மெல்ல மெல்லச் சாப்பிட்டாள். ஆனால் சிநேகிதியோடு பேசவில்லை. தன் கணினிப் பக்கத்தில் இருந்து அவளை நீக்கிவிட்டாள். பள்ளியில் மேசையை மாற்றிக் கேட்டாள். அவளும் எங்கள் வீட்டுக்கு வருவதை விட்டுவிட்டாள்.

கோடை விடுமுறையில் லூயிஷாம் சந்தையில் அவர்களைக் கண்டேன். தாயும் மகளும் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மெலிந்திருந்தாள். நான் ஓடிப்போய் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"சாப்பிடுறாளோ அன்ரி?" இதுதான் அவள் முதலில் கேட்டது.

"சாப்பிடுறாள் பிள்ளை."

"நல்லது."

தாய் இடையில் ஏதோ கேட்டாள். அவள் பதில் சொன்னாள். தாய் என்னை உற்றுப் பார்த்து, கடகடவென்று நீளமாகப் பேசினாள். என்னை ஏசுகிறாளோ என்று பயந்துவிட்டேன். மகள் தலையைச் சரித்துக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

"அம்மா கேக்கிறா, உங்கட பிள்ளைக்கு ஒண்டு எண்டால் என்ர பிள்ளை வந்து சொன்னாள். என்ர பிள்ளைக்கு ஒண்டு எண்டால் எனக்கு ஆர் வந்து சொல்லுறது? எனக்கு எல்லாம் இவளின்ர வாயால்தானே வருது. இவள் சொல்லாட்டி எனக்குத் தெரியாதே."

தன்னைப் பற்றிய இதையும் அவள் ஒரு சொல் விடாமல்தான் சொன்னாள்.

"நான் சொல்லுவன் எண்டு அம்மாவுக்குச் சொல்லு."

அவள் தாய்க்குச் சொல்லவில்லை. தாய் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லன் பிள்ளை."

"அதை நான் சொல்ல மாட்டன் அன்ரி. அம்மா நம்பிப்போடுவா. உங்களுக்கு எங்கட மொழி தெரியாது. எப்பிடிச் சொல்லுவியள்?"

"அப்ப அந்த ஒரு வசனத்தை எனக்குச் சொல்லித் தா. 'உங்கட மகள் சுகமாயில்லை.'"

அவள் தாயை ஒரு முறை பார்த்தாள். பிறகு சொல்லித் தந்தாள். "சு இஹா நோ எஸ்தா பியென்."

நான் சொன்னேன். தாய்க்கு முதலில் விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். 'இஹா' என்பதைத் தொண்டையில் இருந்து சொல்ல வேண்டும் என்று தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். வாழைக்காய்க் கடைக்காரனும் சிரித்தான். நான் சின்னப் பிள்ளை போல் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. "சரியாச் சொல்லுறியள். ஆனால் எப்ப சொல்லுறது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் என்ர பக்கத்தில ஒண்டும் எழுதுறேல்லை."

"கேப்பன்."

"எப்ப?"

"இப்ப கேக்கிறன். நீ எப்பிடி இருக்கிறாய் பிள்ளை?"

அதுவரை அவளிடம் யாராவது அதைக் கேட்டிருக்கிறார்களோ தெரியாது. அவள் மற்றவர்களுடைய பதில்களைக் கொண்டுவருகிறவள். கண்களை வாழைக்காய்க் குவியலில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில், தாய்க்கு விளங்காத குரலில் சொன்னாள்.

"எனக்கு நித்திரை வாறேல்லை அன்ரி. கன நாளாய். ஒருத்தரும் என்னோட கதைக்கிறேல்லை. உங்கட மகள் எழுதினது எல்லாம் எனக்கு மனப்பாடம். சில நேரம் அதை நான்தான் எழுதினனான் போல இருக்கு."

சந்தை இரைந்துகொண்டிருந்தது. தாய் இன்னும் சிரித்த முகத்தோடு, அடுத்த சொல் ஏதும் படிக்கப் போகிறேனா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

நான் தாயின் பக்கம் திரும்பினேன்.

"சு இஹா நோ எஸ்தா பியென்."

அவள் சிரித்துக்கொண்டே தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். இன்னும் சரியில்லை என்று தலையாட்டினாள்.

நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, இன்னொரு முறை சொன்னேன். அவளுடைய கை தொண்டையிலேயே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தன் மகளின் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த பை நழுவி, வாழைக்காய்கள் நிலத்தில் உருண்டன. ஒருவரும் எடுக்கவில்லை.

தாய் இரண்டு கைகளாலும் மகளின் கன்னங்களைப் பிடித்து ஏதோ கேட்டாள். மகள் தாயின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பேசத் தொடங்கினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவள் முடிக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.